ஜேப்படிக்காரன் கதை எதற்கு?

கேள்வி: சென்ற இதழில் 'மாபான்ட்சுலா' என்னும் தென்னாப்பிரிக்கப் படத்தை இளைஞர்கள் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஜேப்படிக்காரன் ஒருவனைக் கதாநாயகனாக்கிய படத்தை என்னால் அரைமணி நேரத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. நிறவெறி ஆட்சிக்கு எதிரான விடுதலைப் போராட்டத்தைக் காட்ட இந்நாட்டில் நல்ல மனிதர்களே கிடைக்கவில்லையா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: கிரே ஸ்ட்ரீட் நெரிசலில் பர்ஸைப் பறிகொடுத்தவன் நான், ஆகவே உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அரைமணி நேரத்தில் எழுந்துவிட்டவர் சொல்லும் தீர்ப்பை ஏற்க இயலவில்லை. பேனிக் என்னும் அந்தத் திருடனை நல்லவனாகக் காட்ட இயக்குநர் ஆலிவர் ஷ்மிட்ஸ், தமது இந்த முதல் முழுநீளப் படத்தில் எங்கும் முயலவில்லை. ஜோகன்னஸ்பர்க் தெருக்களில் பணம் பறிக்கிறான். பகட்டாக உடுத்தித் திரிகிறான். காதலி வேலை செய்யும் வெள்ளையர் வீட்டுச் சன்னலைக் கல்லெறிந்து உடைக்கிறான். போராட்டக்காரர்களுடன் ஒரே சிறை அறையில் அடைக்கப்பட்ட பிறகும் தன் தோலைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே குறியாக இருக்கிறான்.

இப்படிப்பட்டவனிடம்தான் ஸ்டாண்டர் என்னும் போலீஸ் அதிகாரி, போராட்டத் தலைவர் ஒருவரைச் சிக்கவைக்கும் வாக்குமூலத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார். அந்த இடத்தில் நீங்கள் விரும்பும் நல்ல மனிதர் இருந்திருந்தால், அவர் மறுப்பார் என்பது முன்பே தெரிந்துவிடும். பேனிக் என்ன செய்வான் என்பதோ கடைசி நொடி வரை தெரிவதில்லை. உங்கள் ஊரிலேயே 1984இல், இந்தியர்களுக்கென்று அரசு அமைத்த தனி அவைக்கான தேர்தலைப் புறக்கணித்த பெரும்பான்மையோர் எல்லோரும் மேடையேறிய தலைவர்களா? குதிரைப் பந்தயத்தில் கூலியைத் தொலைத்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள், அவர்களுடைய மறுப்பும் மறுப்புத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிறவெறி அரசின் நெருக்கடி நிலை இங்கே நடப்பில் இருந்த காலத்தில், ஷ்மிட்ஸும் அவருடன் சேர்ந்து திரைக்கதை எழுதிப் பேனிக்காகவும் நடித்த தாமஸ் மொகொட்லானேயும், அரசியல் பகுதிகளை நீக்கிய வெறும் ரௌடிக் கதையாக ஒரு திரைக்கதைப் பிரதியைத் தயாரித்து, அதை அதிகாரிகளிடம் காட்டித்தான் படத்தை எடுத்து முடித்தார்கள். 1988இல் அது கான் திரைப்பட விழாவுக்குச் சென்றது. இங்கோ திரையரங்குகளில் காட்டத் தடை விழுந்தது. திருடன் கதைதானே என்று அன்றைய அதிகாரிகள் அலட்சியமாக விட்டதால்தான் இப்படம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதே சொல்லைச் சொல்லி நீங்கள் அதை மூடிவைப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. விட்ட இடத்திலிருந்து பாருங்கள். விசாரணை அறையில் பேனிக் கடைசியாகச் சொல்வதைக் கேட்ட பிறகு மீண்டும் எழுதுங்கள். அந்தக் கடிதத்தையும் இப்பக்கத்தில் வெளியிடுகிறேன்.