நாற்பத்தெட்டு என்றால் எத்தனை?

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்துவிட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சியில் பிஎச்.டி. சேரப்போகிறாள். இரண்டு பேராசிரியர்கள் எடுத்துக்கொள்ளத் தயார். ஒருவருடைய எச்-இண்டெக்ஸ் 48, இன்னொருவருக்கு 19. “48 இருக்கும்போது 19-இடம் யாராவது போவார்களா?” என்கிறாள். இதை மார்க் மாதிரி எடுத்துக்கொள்ளலாமா?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: மார்க் மாதிரி வேண்டாம் அம்மா. மார்க் என்றால் இரண்டு பேரும் ஒரே பரீட்சையை எழுதியிருக்க வேண்டும்.

இந்த எண்ணை 2005-இல் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியல் பேராசிரியர். கணக்கு சுலபம். ஒருவருடைய கட்டுரைகளை, மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் அதிகம் மேற்கோள் காட்டியது மேலே வரும்படி அடுக்கி, எண்ணிக்கொண்டே இறங்குங்கள். 48-ஆவது கட்டுரைக்குக் குறைந்தது 48 மேற்கோள் இருந்து, 49-ஆவதற்கு 49 இல்லை என்றால் அவருடைய எண் 48. முதல் கட்டுரையைப் பத்தாயிரம் பேர் எடுத்தாண்டிருந்தாலும் இதில் ஒன்றும் கூடாது. வயதாக ஆகக் குறையவும் குறையாது. ஆராய்ச்சியை விட்டுத் தோட்டம் போட உட்கார்ந்தாலும் பழைய கட்டுரைகள் ஏற்றிவிட்டுக்கொண்டே இருக்கும். முப்பது வருடத்தில் 48, பத்து வருடத்தில் 19 என்றால் நான் 19-ஐத்தான் கூர்ந்து பார்ப்பேன். அப்புறம், இரண்டு எண்ணும் ஒரே இடத்தில் எடுத்ததா? மேற்கோளை எண்ணித் தரும் தளங்களில் கூகுள் ஸ்காலர் தீசிஸ் வரை வாரிப் போட்டுக்கொள்ளும், ஸ்கோப்பஸ் கறார்.

அதைவிட முக்கியம், பெயர் நிற்கும் இடம். நான் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவன். எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பட்டியல் போடும் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் அப்போது தடித்தடியான வால்யூம்களாக வரும். மெல்லிசுத் தாள், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. மேசையில் எப்போதும் ஒரு லென்ஸ் கிடக்கும். அதில் மேற்கோளெல்லாம் கட்டுரையின் முதல் ஆசிரியர் பெயருக்குக் கீழேதான் இருக்கும். மூன்றாவது பெயராக நின்ற டாக்டர் ஒருவர், தன் பெயரைத் தேடிக் காணாமல், நான்தான் பக்கத்தைக் கிழித்துவிட்ட மாதிரி சண்டைக்கு வந்தார். இப்போது கதை தலைகீழ். நூறு பேர் சேர்ந்து போட்ட மருந்துச் சோதனைக் கட்டுரையில் எழுபதாவது பெயராக இருந்தாலும் மேற்கோள் முழுசாகக் கணக்கில் ஏறும். இந்தத் துறையில் பெரும்பாலும் முதல் பெயர் ராப்பகலாகச் செல் வளர்த்த மாணவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. 48-காரர் எத்தனை கட்டுரையில் கடைசியில் நிற்கிறார், அவற்றில் முதல் பெயர் அவருடைய மாணவர்தானா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என்ன வகைக் கட்டுரை என்பதும் உண்டு. டக்ளஸ் ஹானஹன், ராபர்ட் வைன்பர்க் இருவரும் 2000-இல் ‘செல்’ இதழில் எழுதிய கட்டுரையைப் பல்லாயிரம் பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அதில் புதுச் சோதனை ஒன்றும் கிடையாது. புற்றுநோய் பற்றிச் சிதறிக் கிடந்ததை, அந்த நோயின் ஆறு குணங்களாகத் தொகுத்தார்கள். அற்புதமான தொகுப்புதான். ஆனால் எல்லாத் தொகுப்பும் அப்படி இல்லை, மேற்கோள் சேர்க்கவென்றே எழுதப்படுபவையும் உண்டு.

இன்னொரு பக்கம், திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கை. அங்கே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி நடந்த ஆய்வு 2007-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது, முதல் பெயர் சங்கரநாராயணன். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, கிட்டத்தட்ட நம் வினிகரை, தடவிவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தால் சந்தேகமான இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ் வெறும் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் 49,311 பெண்கள். மற்றக் குழுவைவிட அந்தப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதம் குறைவு. எச்-இண்டெக்ஸில் இதற்கும் ஓர் இடம்தான், நாலு பேர் சுற்றிச் சுற்றி ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக்கொண்ட கட்டுரைக்கும் ஓர் இடம்தான்.

சரி, சேருவதற்கு முன் அந்த இரண்டு ஆய்வகங்களிலும் பிஎச்.டி. முடித்து வெளியே போனவர்களுக்கு மகள் ஒரு போன் போடட்டும். எத்தனை வருடம் ஆனது, முதல் பெயரில் எத்தனை கட்டுரை வந்தது என்று கேட்டாலே போதும், மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: யாரும் உடனே கண்டுகொள்ளாத ஆராய்ச்சி வீண்தானா?
– அதே வாசகி

பதில்: பெய்ட்டன் ரூஸ் என்பவர் நியூயார்க்கில், ஒரு கோழியின் கட்டியை அரைத்து, செல் எதுவும் போகாதபடி வடிகட்டி, அந்தச் சாற்றை வேறு கோழிக்கு ஊசி போட்டார். அதற்கும் கட்டி வந்தது. புற்றுநோயை வைரஸ் உண்டாக்கலாம் என்று காட்டிய அந்தக் கட்டுரை 1911-இல் வெளியானது. நெடுங்காலம் பலரும் அதை நம்பவில்லை. அதற்கு நோபல் பரிசு கிடைத்தது 1966-இல். மேடை ஏறியபோது அவருக்கு வயது 87.