தேடிக்கொண்ட நோயா?

கேள்வி: மார்பகப் புற்றுநோய் பணக்கார நாடுகளில்தான் அதிகமாம். பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட்டு, தாய்ப்பால் கொடுப்பதையும் தவிர்க்கும் பெண்கள் தாங்களே தேடிக்கொள்ளும் நோய் இது என்று சொல்லலாமா?

பதில்: சொல்லக் கூடாது. உங்கள் முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது, நோயில் கிடக்கும் பெண்ணின் தலையில் பழியையும் சேர்த்து ஏற்றுகிறது.

பிள்ளைப்பேற்றுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு. அதை நான் மறைக்கப் போவதில்லை. கன்னியாஸ்திரீகளிடம் இது மிகுந்திருப்பதை இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2002-இல் வெளிவந்த கணக்கின்படி, ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஆபத்து 7 சதவீதம் குறைகிறது; பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மேலும் 4.3 சதவீதம். வளர்ந்த நாடுகளின் பெண்கள், வளரும் நாடுகளில் அண்மைக்காலம்வரை இருந்த வழக்கப்படி பல பிள்ளைகள் பெற்று நெடுநாள் பாலூட்டினால், 70 வயதுக்குள் நோய் காண்பவர்கள் நூற்றுக்கு 6.3 பேரிலிருந்து 2.7 ஆகக் குறைவார்கள் என்றும் அந்த ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு பெண்களை ஏசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இது ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் சேர்த்துப் போட்ட கணக்கு. நான்கு பிள்ளைகளுக்குப் பாலூட்டியவருக்கும் இந்த நோய் வருகிறது. பிள்ளையே பெறாதவர்களில் பெரும்பாலோருக்கு வருவதில்லை.

நாடுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டுக்கு வேறு காரணங்களும் உண்டு. நல்ல ஊட்டம் கிடைக்கும் நாடுகளில் சிறுமிகள் முன்னதாகவே பூப்பெய்துகிறார்கள். ஓராண்டு முந்தினால் ஆபத்து 5 சதவீதம் கூடுகிறது. மாதவிடாய் நிற்பது ஓராண்டு தள்ளிப்போனால் ஏறக்குறைய 3 சதவீதம். எந்தச் சிறுமி தான் பூப்பெய்தும் வயதைத் தானே முடிவுசெய்தாள்? மதுவும், மாதவிடாய் நின்றபின் ஏறும் உடல் எடையும் தம் பங்கைச் சேர்க்கின்றன. மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்-ரே பரவலாக எடுக்கப்படும் இடங்களில், கடைசிவரை தீங்கு செய்யாமலே இருந்திருக்கக்கூடிய சில கட்டிகளும் கணக்கில் ஏறிவிடுகின்றன.

மருத்துவமும் இதில் பங்காளி. மாதவிடாய் நின்ற பெண்கள் எடுத்துக்கொள்ளும் கூட்டு ஹார்மோன் மாத்திரையின் ஆபத்தை 2002-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வெளிக்கொணர்ந்தது. லட்சக்கணக்கானோர் மாத்திரையை நிறுத்தினார்கள். மறு ஆண்டே அந்நாட்டில் நோயின் விகிதம் சுமார் 7 சதவீதம் இறங்கியது. அந்த மாத்திரையை எழுதிக்கொடுத்தவர்கள் மருத்துவர்கள். அவர்களைப் பார்த்து யாரும் ‘தேடிக்கொடுத்த நோய்’ என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

‘எல்லாம் பரம்பரை’ என்பாரும் உண்டு. ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் அமெரிக்காவில் குடியேறியவர்களின் சந்ததியில், ஓரிரு தலைமுறைக்குள்ளேயே விகிதம் அந்த நாட்டு அளவை நோக்கி ஏறிவிட்டது. அதற்குள் மரபணு மாறிவிடாது. வாழ்க்கைச் சூழல்தான் மாறியிருக்கிறது.

இனி உங்கள் கேள்வி தொடாத பக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: ஆயுள், கல்வி, வருமானம் ஆகியவற்றை அளக்கும் மனித வளர்ச்சிக் குறியீட்டில் மிக உயர்ந்த நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் கண்டறியப்படுகிறது, 71 பேரில் ஒருவர் இறக்கிறார். அடிமட்ட நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் கண்டறியப்படுகிறது; 48 பேரில் ஒருவர் இறக்கிறார். நோய் குறைவாக இருக்கும் இடத்தில் சாவு அதிகம். தாமதமாகக் கண்டறிவதும், சிகிச்சை எட்டாததும்தான் முக்கியக் காரணங்கள்.

அந்தத் தாமதத்தில் வெட்கத்துக்கும் பங்கு உண்டு. ‘நீயே தேடிக்கொண்டாய்’ என்று காதுபடக் கேட்ட பெண், மார்பில் கட்டி தட்டுப்பட்டால் எத்தனை மாதம் மறைத்து வைப்பாள்? மருத்துவரிடம் முதன்முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோயை உறுதிசெய்துவிட வேண்டும் என்பது அதே நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. அவள் காட்டத் தயங்கிய மாதங்கள் அந்த 60 நாள் கணக்கில் வருவதில்லை.