மூடுபனி: ஏரிக்கரையில் ஒன்று, ஊருக்குள் வேறொன்று

கேள்வி: மார்கழி, தையில் விடியற்காலை பஸ்ஸில் சென்னைக்குப் போகிறேன். மதுராந்தகம் பக்கம் முன்னால் போகிற லாரிகூடக் கண்ணுக்குத் தெரியாது. தாம்பரம் தாண்டினால் பனி குறைகிறது. ஆனால் 9 மணி ஆனாலும் வானம் தெளியாமல் சாம்பல் பூத்தே கிடக்கிறது. ஏன் இப்படி?
– திண்டிவனம் வாசகர்

பதில்: நீங்கள் பார்ப்பது இரண்டு விதமான பனி. மதுராந்தகத்தில் ஏரி, நஞ்சை, மழைக்காலம் விட்டுப்போன மண் ஈரம் எல்லாம் இருக்கிறது. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிர, அதை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்ந்து நுண்துளிகளாகிறது. காற்று அடியோடு நின்றுவிட்டால் புல்மேல் பனித்துளியோடு சரி. இலை அசையும் அளவு காற்று இருந்தால்தான் குளிர் மேலேறி மூடுபனி கட்டும். வேகம் கூடினால் கலைந்துவிடும்.

நகரத்தில் கான்கிரீட்டும் தார் ரோடும் பகல் சூட்டை இரவெல்லாம் விட்டபடி இருக்கும். ஈர மண்ணும் குறைவு. அதனால் பனி கட்டுவதே கடினம். கங்கைச் சமவெளி முழுக்கப் பனி மூடிய நாட்களின் செயற்கைக்கோள் படங்களில், டெல்லி இருக்கும் இடத்தில் மட்டும் ஓட்டை விழுந்ததுபோல் தெரிவதுண்டு.

ஆனால் சிக்கல் புகையில்தான். நீராவி துளியாக ஒரு துகள் வேண்டும். கிராமத்தில் துகள் குறைவு, துளி பெரிது; வெயில் ஏறினால் சீக்கிரம் கலையும். நகரத்தில் அதே நீரைக் கணக்கற்ற துகள்கள் பங்குபோட்டுக்கொள்வதால் துளிகள் மிகச் சிறியவை. அவை எளிதில் கீழே இறங்குவதில்லை. ஈரப்பதம் 100 சதவீதத்தை எட்டும் முன்பே, 80, 90-லேயே சில துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப் பெருத்துவிடும். வெயிலில் நீர் வற்றினாலும் துகள் அங்கேயே மிதக்கும். மேலே சூடான காற்று மூடிபோல் கவிந்திருப்பதால் அது எங்கும் போகவும் வழியில்லை.

காலையில் பைக் சீட்டை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். வயலோரத்தில் வெறும் ஈரம்தான். நகரத்தில் கருஞ்சாம்பல் கறை படியும். போகிக்கு டயர் கொளுத்தும் வழக்கத்தை அடியோடு விடவேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து, சென்னையில் இறங்கவேண்டிய விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன.

கேள்வி: பனியில் கார் ஓட்டும்போது பிரைட் லைட் போட்டால் இன்னும் மோசமாகிறதே?
– விழுப்புரம் வாசகி

பதில்: ஆமாம், துளிகள் அந்த வெளிச்சத்தைத் திருப்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். டிம் லைட் போடுங்கள். பனி விளக்கு இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். கண்ணாடி உட்புறம் ஆவி படிந்தால் ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள்.

வேகம்தான் முக்கியம். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஈர ரோட்டில் பிரேக் பிடித்து நிற்கச் சுமார் 53 மீட்டர் ஆகும். அதில் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். 50 மீட்டர்தான் தெரிகிறது என்றால் 60-ல் போகக்கூடாது. 40-ல் 30 மீட்டருக்குள் நின்றுவிடலாம். 30 மீட்டர்கூடத் தெரியாவிட்டால் பெட்ரோல் பங்க்குக்குள்ளோ டீக்கடை வாசலுக்கோ வண்டியை முழுதாக இறக்கிவிடுங்கள். ரோட்டோரம் மட்டும் நிறுத்தாதீர்கள். பின்னால் வருகிறவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து, ஓடுகிற வண்டி என்று நினைத்து அதன் பின்னாலேயே வந்துவிடுவார்.