10 வயதுப் பையன் ‘டீமன் ஸ்லேயர்’ பார்க்கலாமா?

‘டீமன் ஸ்லேயர்’ என்ற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரை வகுப்பில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று 10 வயது மகன் அடம்பிடிக்கிறான், விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம் என்பதுதான் என் பதில். 13 வயது ஆகட்டும், அப்போதும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

நாங்கள் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், வெளியே பாதி மலையாளம். இங்கே தமிழ்ப் பிள்ளைகள், மலையாளப் பிள்ளைகள் எல்லார் வாயிலும் அதன் நாயகன் டான்ஜிரோ பெயர்தான். என் மகளும் அண்ணன் மகனும் கேட்டுக்கொண்டே இருந்ததால், 2019இல் வந்த முதல் சீசனின் 26 பகுதிகளையும் முதலில் நானே பார்த்தேன்.

ரத்தம் எவ்வளவு என்று பார்ப்பதைவிட, யாருடைய ரத்தம் என்று பாருங்கள். முதல் பகுதியிலேயே கரி விற்கப் போன டான்ஜிரோ வீடு திரும்புகிறான். அம்மாவும் தம்பி தங்கைகளும் ரத்தத்தோடு செத்துக் கிடக்கிறார்கள். மிஞ்சிய தங்கை நெசுகோ அரக்கியாகிவிடுகிறாள். ராத்திரி தனியாகப் படுக்கப் பயப்படும் பிள்ளைக்கு, வாள்சண்டையைவிட இந்தக் காட்சிதான் மனதில் நிற்கும்.

எங்கள் பெரியம்மா, “ராமாயணத்தில் தலை உருளலையா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் மாவட்டத்துப் பகவதி கோயில்களில் கம்பராமாயணப் பாட்டோடு தோல்பாவைக்கூத்து நடக்கும், ராவணன் அதிலும் சாகிறான். ஆனால் அது திரையில் விழும் நிழல். பிள்ளைக்குக் கதையும் முன்பே தெரியும், பக்கத்தில் பெரியவர்கள் இருப்பார்கள். இந்தத் தொடரில் கழுத்து அறுபடுவதை அருகில் காட்டுகிறார்கள். அரக்கனைக் கொல்ல சூரிய ஒளி, இல்லையென்றால் தனி வாளால் தலையை வெட்டுவது என்பதுதான் கதையின் விதி. அதனால் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரும்.

சிலந்தி மலைப் பகுதிகள் இன்னும் கனமானவை. ‘குடும்பம்’ என்ற பெயரில் ஓர் அரக்கன் மற்றவர்களை அடித்து மிரட்டி வைத்திருக்கிறான். அம்மா வேடத்தில் இருப்பவள் அடி தாங்காமல், செத்தால் போதும் என்று தானே கழுத்தை நீட்டுகிறாள். டான்ஜிரோ அவளுக்கு வலியில்லாத சாவைத் தருகிறான். எனக்குக் கண் கலங்கியது. எதிரிமேலும் இரக்கப்படும் நாயகன் என்பதால்தான் இந்தத் தொடரை ஒரேயடியாக ஒதுக்க எனக்கு மனசில்லை. ஆனால் அந்த இரக்கம் புரிவதற்கும் கொஞ்சம் வயசு வேண்டும்.

அப்புறம், டான்ஜிரோவின் தோழன் ஜெனிட்சு பெண்கள் பின்னால் கெஞ்சிக்கொண்டு அலைவதைச் சிரிப்புக்காக வைத்திருக்கிறார்கள். அது சரியில்லை என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். அடுத்த சீசனில் கதை விலைமாதர் தெருவுக்குப் போகிறது, அதை இன்னும் தள்ளிப் போடலாம்.

சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். இதன் ‘முகென் டிரெயின்’ படத்துக்கு ஜப்பானில் பிஜி12 (12 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் வழிகாட்ட வேண்டும்), அமெரிக்காவில் ஆர் (17 வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் கூட வர வேண்டும்). நம் ஊரில் 2021 விதிகளின்படி ஓடிடி நிகழ்ச்சிகளுக்கு 7+, 13+, 16+ என்று வயதுக் குறி உண்டு, 13+ முதல் பூட்டு வசதியும் தர வேண்டும். பூட்டுங்கள், ஆனால் மகனிடம் காரணத்தைச் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள். நண்பர்கள் பேசும்போது அவன் விழிக்க வேண்டாம், கதையை நீங்களே வாயால் சொல்லிக்கொடுங்கள். அண்ணன் மகனுக்கு நான் அப்படித்தான் சொல்லிவருகிறேன்.