‘கொஞ்சம்’ எவ்வளவு?

கேள்வி: உங்கள் இதழில் ‘சிலர்’, ‘பலர்’ என்று மனம்போனபடி எழுதுகிறார்கள். எத்தனை பேர் வரை சிலர், எத்தனை பேரிலிருந்து பலர் என்று கொஞ்சம் வரையறுத்துச் சொல்லக் கூடாதா?

பதில்: சொல்லலாம், அதற்குமுன், ‘கொஞ்சம்’ வரையறுக்கச் சொன்னீர்களே, அது எவ்வளவு என்று தெரிவித்துவிடுங்கள். நீங்கள் கால்வாசி வரையறையையா கேட்டீர்கள்? முழுதாகத்தான் கேட்டீர்கள், கேட்பது அதட்டலாக ஒலிக்கக் கூடாதே என்று முன்னால் வைத்த சொல் அது. ‘கொஞ்சம் வழிவிடுங்கள்’ என்பவருக்கு ஒரு விரற்கடை மட்டும் நகர்ந்து கொடுத்துப் பாருங்கள், சண்டை வரும். அதே சொல் ‘அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல’ என்னும் வாக்கியத்தில் மலையாகிவிடுகிறது.

எண்ணுப்பெயரே இப்படித்தான் நடந்துகொள்கிறது. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்று அஞ்சுகிறவர் ஐந்தாவது ஆளைப் பொருட்படுத்தாதவர் அல்லர். ஆனால் ‘நாலும் இரண்டும் சொல்லுக்குறுதி’ என்னும்போது அந்த நாலு, நாலடியாரைச் சுட்டுவதால், கூடாமலும் குறையாமலும் நிற்கிறது.

இருநூறு பேர் சென்ற விமானம் விழுந்து பத்துப் பேர் பிழைத்தால் ‘சிலர் பிழைத்தனர்’ என்போம்; அதே பத்துப் பேர் ஒரு மின்தூக்கிக்குள் சிக்கிக்கொண்டால் ‘பலர் சிக்கினர்’ என்போம். எண் மாறவில்லை, அந்த இடத்தில் நாம் எதிர்பார்த்த அளவுதான் மாறியது.

வரையறுத்துப் பார்த்தவர்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்துக் குறிப்புகளில் ஒரு பக்கவிளைவு ‘பொதுவானது’ என்றால், 100 பேரில் ஒருவர் முதல் 10 பேரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு வரை அது வரலாம் என்று பொருள். ஆனால், அந்தச் சொல்லை மட்டும் படித்தவர்கள் அதைவிடப் பன்மடங்கு பேருக்கு வரும் என்று எண்ணிக்கொள்வதை ஆய்வுகள் காட்டின. அங்கே இப்போது சொல்லோடு எண்ணும் அச்சாகிறது.

எண் தெரிந்த இடத்தில் எண்ணையே எழுதுங்கள் என்று எங்கள் கட்டுரையாளர்களோடு நானும் நெடுங்காலமாக மல்லுக்கட்டுகிறேன். ஏனெனில் ‘பலர் கருதுகின்றனர்’ என்ற வாக்கியத்தில் அந்தப் பலர், பெரும்பாலும், எழுதியவர் ஒருவரே. சென்ற இதழுக்கு வந்த கட்டுரையொன்று ‘பலரும் என்னிடம் கேட்டனர்’ என்று தொடங்கியது. எத்தனை பேர் என்று தொலைபேசியில் விசாரித்தேன். ‘நாலு பேர் இருக்கும்’ என்றார்.