பேரனை வளர்க்கும் அத்தைக்கும் ஆலோசனை கிடைக்குமா?

கிடைக்கும். மகனையும் மருமகளையும் விபத்தில் இழந்து, ஏழு வயதுப் பேரனை மேலூரில் வளர்த்துவரும் உங்கள் அத்தை, பேரனுக்காக மட்டுமல்லாமல் தமக்காகவும் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்நேரமும் அழைத்து, தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். நேரில் பார்க்க விரும்பினால், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

ஏழு வயதுப் பையன் மீண்டும் படுக்கையை நனைப்பதற்கு, நீங்கள் எழுதியதுபோல் செல்லம் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. பெற்றோர் இருவரையும் விபத்தில் இழந்த குழந்தை, ஏற்கெனவே கற்ற பழக்கங்களைச் சில காலம் இழப்பது அறியப்பட்ட ஒன்றுதான். மகனைப் பறிகொடுத்த துக்கத்தை அத்தை அடக்கிக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பதும் அவனை எட்டாமலிருக்காது என்பது என் கணிப்பு.

இரண்டு வாரங்களுக்கு, நனைத்த இரவுகளையும் அன்று பகலில் நடந்ததையும் (லாரிச் சத்தம், அந்தச் சாலை வழியே பயணம், அவன் காதுபட விபத்தைப் பற்றிய பேச்சு) குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மந்திரித்துக் கயிறு கட்டியதில் குற்றமில்லை, திட்டுவதுதான் கூடாது.

ஆனால் சிறுநீர்த் தொற்றும் சர்க்கரை நோயும் இதே அறிகுறியைத் தரக்கூடும் என்பதால், முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பணத்துக்கு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் நிதி ஆதரவு கேட்டு விண்ணப்பிக்கலாம். மாதம் 4,000 ரூபாய். இதற்கான மாவட்டக் குழு ஒப்புதல் அளித்த பிறகே அது கிடைக்கும். வழி தெரியாவிட்டால், குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.