போர்னியோ மழைக்காட்டில் பறவை பார்க்க வழிகாட்டிக்கு அவ்வளவு பணம் கொடுக்க வேண்டுமா?

கேள்வி கேட்டவர் சில வருடங்களாக மேற்குத் தொடர்ச்சி மலையில் பறவை பார்ப்பவர். போர்னியோ தீவின் வடக்கே இருக்கும் மலேசியாவின் சபா மாநிலத்துக்குப் போக ஆசை. வழிகாட்டியோடு போனால் செலவு இரண்டு மூன்று மடங்கு ஆகிறது, பறவையின் குரலைக் கேட்டே பெயர் சொல்லும் மெர்லின் செயலி கையில் இருக்கும்போது வழிகாட்டி எதற்கு என்கிறார்.

என் பதில்: கினபாலு மலைக்குத் தனியாகப் போங்கள். தாழ்நிலக் காட்டுக்கு வழிகாட்டியோடு போங்கள். பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பார்க்கும் இடங்களைக் குறையுங்கள், வழிகாட்டியைக் குறைக்காதீர்கள்.

வேடந்தாங்கலிலோ பள்ளிக்கரணையிலோ பறவை கண்ணெதிரே இருக்கிறது, பெயர் தெரிந்தால் போதும். தாழ்நில மழைக்காட்டில் கதையே வேறு. சபாவின் டேனம் பள்ளத்தாக்கில் 100.8 மீட்டர் உயரமுள்ள ஒரு மஞ்சள் மெரந்தி மரத்தை 2019-இல் ஏறி அளந்திருக்கிறார்கள். எல்லா மரமும் அப்படி இல்லை, ஆனால் ஐம்பது மீட்டர் சர்வசாதாரணம். பாதிப் பறவைகள் அந்த உச்சியில், வெள்ளை வானத்தின் முன்னால் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். மீதிப் பாதி கீழே, காலை எட்டு மணிக்கும் இருட்டாக இருக்கும் புதருக்குள். நடுவில் ஒரு கலப்புக் கூட்டம் வரும்: சிலம்பன், மரங்கொத்தி, ஈப்பிடிப்பான் என்று பத்துப் பதினைந்து வகை ஒன்றாக வந்து, ஐந்து நிமிடம் தலைக்கு மேலே கலகலத்துவிட்டுப் போய்விடும். அப்புறம் ஒரு மணி நேரம் சில்வண்டுச் சத்தம் மட்டும்தான். அந்த ஐந்து நிமிடத்தில் எதை விட்டு எதைப் பார்ப்பது என்று சொல்ல ஆள் வேண்டும்.

செயலி பெயரைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. வடக்குப் போர்னியோவுக்கே உரிய பிளாக்-கிரவுண்ட் பிட்டா என்று ஒன்று இருக்கிறது. நம்மூருக்குக் குளிர்காலத்தில் வருகிற ஆறுமணிக்குருவிக்கு உறவு. கறுப்புத் தலை, ரத்தச் சிவப்பு வயிறு, கண்ணுக்குப் பின்னால் மின்னும் நீலக்கோடு. அது நீட்டி ஒரே சுதியில் விசிலடிக்கும். சத்தம் இடப்பக்கம் வருகிறதா, வலப்பக்கம் வருகிறதா என்று சத்தியமாகத் தெரியாது. எங்கள் வழிகாட்டி பாதையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், எங்களையும் உட்கார வைத்தார். வாயாலேயே அதே விசிலை ஒருமுறை அடித்தார், கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. பதில் வந்தது. அவர் கையை நீட்டவில்லை, தாடையை மட்டும் அசைத்துக் காட்டினார். விழுந்து கிடந்த மரத்துக்கும் ஒரு பிரம்புக் கொத்துக்கும் நடுவே முறம் அகல இடைவெளி. அதில் வாடிய இலைகள்மேல் ஒரு சிவப்பு தத்தி வந்து நின்றது. இரண்டு தத்து, ஒரு புழு, போய்விட்டது. ராகத்தின் முதல் பிடியிலேயே பெயரைச் சொல்லிவிடும் கச்சேரி ரசிகரைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரிக் காது அது. நீங்கள் காசு கொடுப்பது அந்தக் காதுக்குத்தான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த இடைவெளி மூன்று பேருக்குத்தான் தெரிந்தது. காட்டுப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும், பத்துப் பேர் குழுவில் ஏழாவது ஆளுக்குத் தெரிவது ஆறாவது ஆளின் முதுகு. ஆகவே நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டியது ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்பதை. ஆறுக்கு மேல் என்றால் நான் போகமாட்டேன். இரண்டாவது, வருவது பறவை வழிகாட்டியா, விடுதியின் பொது வழிகாட்டியா என்பது. விடுதி வழிகாட்டிகள் நல்லவர்கள், விஷயமும் தெரிந்தவர்கள், ஆனால் உங்களோடு ஒராங்குட்டான் பார்க்க வந்த ஒரு குடும்பத்தையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். நீங்கள் பிட்டாவுக்காக உட்கார்ந்திருக்கும்போது குழந்தை அழும். யார்மேலும் தப்பில்லை, சேர்க்கைதான் சரியில்லை. கூடுதல் கட்டணம் கட்டித் தனியாகப் பறவை வழிகாட்டி கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்து தருவார்கள், முன்பதிவின்போதே கேட்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை: ஒலிப்பதிவை எவ்வளவு போடுவீர்கள்? பறவையின் குரலை ஒலிபெருக்கியில் போட்டால் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துத் துரத்த வரும். ஓரிரு முறை போட்டு, வந்ததும் நிறுத்துபவர் சரி. அரைமணி நேரம் போட்டுக்கொண்டே இருப்பவரோடு நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கும். கூடு கட்டும் காலத்தில் அது நேரடியாகக் கெடுதல்.

இடங்களுக்கு வருகிறேன். ஒரு வாரத்துக்கு ஆறு ஊர் போட்டிருக்கும் திட்டத்தைத் தூக்கிப் போடுங்கள். கினபாலு, செப்பிலோக்கோடு சேர்த்துக் கினபதாங்கான், டேனம், இவ்வளவு போதும். டேனமுக்கு மட்டும் நாலு இரவாவது வேண்டும். லஹாட் டத்துவிலிருந்து உள்ளே போகிற மண்சாலையிலேயே அரைநாள் போய்விடும், மழை வந்தால் ஒரு காலை நேரம் முழுக்கப் போய்விடும். உள்ளே தங்க ஒரு சொகுசு விடுதியும் ஓர் எளிய ஆய்வு மையமும் உண்டு. பறவைக்கு இரண்டும் ஒன்றுதான், பர்ஸுக்கு இல்லை.

செப்பிலோக், சண்டக்கான் பக்கத்தில். ஒராங்குட்டான் மறுவாழ்வு மையத்துக்கு எல்லோரும் போவார்கள். நீங்கள் அதற்கு அருகிலுள்ள மழைக்காட்டு அறிமுக மையத்தின் மரமட்ட நடைபாலத்துக்குப் போங்கள். உச்சியில் இருக்கும் பறவையைக் கழுத்து வலிக்காமல் கண்மட்டத்தில் பார்க்க முடிகிற அருமையான இடம். போர்னியன் பிரிஸ்டில்ஹெட்டை அங்கேதான் பலரும் முதலில் பார்க்கிறார்கள். கறுப்பு உடம்பு, சிவப்புத் தலை, உச்சந்தலையில் மட்டும் குச்சி குச்சியாக மஞ்சள். அழகு என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் குடும்பத்தில் அது ஒன்றே ஒன்றுதான், போர்னியோவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. சாயங்காலம் வரை இருந்தால் அங்கேயே ராட்சதப் பறக்கும் அணில் மரத்துக்கு மரம் மிதப்பதையும் பார்க்கலாம்.

கினபதாங்கான் ஆற்றில் படகுப் பயணம். போர்னியோவில் இருவாச்சி எட்டு வகை, எட்டும் இந்த ஆற்றோரத்தில் உண்டு. நாலைந்து வகையை எளிதாகப் பார்த்துவிடலாம், நீளமூக்குக் குரங்கு, யானை எல்லாம் கூடவே. அவ்வளவு எளிதாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது: ஆற்றோரக் காட்டுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் எண்ணெய்ப் பனைத் தோட்டம். அவற்றுக்குப் போக வேறு இடமில்லை. படகில் உட்கார்ந்து படம் எடுக்கும்போது இது மனதை உறுத்தத்தான் செய்யும்.

எட்டில் கடினமானது தலைக்கவச இருவாச்சி. மற்ற இருவாச்சிகளின் அலகுமேல் இருக்கும் கொண்டை உள்ளே பொள்ளல், இதற்கு மட்டும் கெட்டி. தந்தம்போலச் செதுக்கலாம் என்பதால் சுட்டுத் தள்ளினார்கள். 2015-இல் அதை மிக அருகிய இனமாக அறிவித்தார்கள். பார்ப்பது அரிது, கேட்கலாம்: ‘ஹூ... ஹூ...’ என்று இடைவெளி விட்டு ஆரம்பித்து, வேகம் கூடிக் கூடிக் கடைசியில் கெக்கெக்கே என்று பெரிய சிரிப்பு. மலாய்க் கதையொன்றில் மாமியார் வீட்டுத் தூண்களைக் கோடாலியால் வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரித்த மருமகன்தான் இந்தப் பறவை. கேட்டால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள், வெட்டும் சிரிப்பும் அப்படியே இருக்கிறது.

கினபாலு மலையில் பூங்கா அலுவலகம் ஏறக்குறைய 1,500 மீட்டரில். குளிர், அகலமான தார்ச்சாலை, வளைவுக்கு வளைவு பறவை. காலை ஆறு மணிக்கு, மலையேற்றம் தொடங்கும் திம்போஹோன் வாசலை நோக்கி மெல்ல நடந்தாலே நிறையக் கிடைக்கும். வைட்ஹெட் என்ற பறவை சேகரிப்பாளரின் பெயர் தாங்கிய தீக்காக்கை, அகல்அலகன், சிலந்திபிடிப்பான் மூன்றையும் பார்த்தே தீருவேன் என்றால் இங்கேயும் ஒருநாள் ஆள் வைத்துக்கொள்ளுங்கள், மற்றபடி தேவையில்லை.

மார்ச் முதல் செப்டம்பர் வரை மழை ஓரளவு குறைவு. அட்டை இருக்கும். வால்பாறை அட்டை பழகியவருக்குத் தரை அட்டை ஒன்றுமில்லை, ஆனால் இங்கே புலி அட்டை இடுப்பு உயர இலையில் காத்திருக்கும், கடித்தால் சுரீர் என்று வலிக்கும். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள். கேமராவையும் பைனாகுலரையும் ஏசி அறையில் வைக்காதீர்கள், காலையில் வெளியே வந்ததும் லென்ஸ் பனித்துப்போய் அரைமணி நேரம் வீணாகும். கோலாலம்பூரிலிருந்து கோத்தா கினபாலு போய் இறங்கியதும் அங்கே தனியாகக் குடிநுழைவுச் சோதனை உண்டு, பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பணம் ஒத்துவரவில்லை என்றால் சபாவை ஒரு வருடம் தள்ளிப் போட்டுவிட்டு ஃபிரேசர்ஸ் ஹில் என்ற மலைவாசஸ்தலத்துக்குப் போங்கள். கோலாலம்பூரிலிருந்து காரில் இரண்டு இரண்டரை மணி நேரம். வழிகாட்டி இல்லாமலே சாலையோரத்தில் நடந்து பார்க்கலாம், சில்வர்-இயர்ட் மீசியா என்ற வண்ணக் குருவி விடுதித் தோட்டத்துக்கே வந்துவிடும். வார இறுதியில் மட்டும் போகாதீர்கள், கூட்டம், அறைவாடகையும் ஏறிவிடும்.